நாற்காலியை நாடாத ஆசிரியர்

பத்திரிகாசிரியர் என்று சொன்னவுடன் நம் மனக்கண்முன் ஓர் உருவம் எழுகிறது. மேசை நிறையத் தாள்கள், விரலிடுக்கில் பேனா, அடுத்த அறையில் அச்சு இயந்திரத்தின் ஓசை. உலக நடப்பைச் சற்று விலகி நின்று பார்த்து, நன்மை தீமைகளை நிறுத்துச் சொல்பவர் அவர் என்று நாம் எண்ணுகிறோம். ஆகவே, அரசியல் களத்திலிருந்து எழுந்து வந்து ஆசிரியர் நாற்காலியில் அமர்பவரைக் காணும்போது நமக்கு ஓர் ஐயம் பிறப்பது இயல்பே. கொடியைப் பிடித்த கை பேனாவையும் பிடித்தால், அந்தப் பேனா உண்மையை எழுதுமா, கட்சியின் கட்டளையை எழுதுமா?

ஐயம் நியாயமானதுதான். பத்திரிகையைப் பதவிக்கு ஏணியாக்கிக் கொண்டவர்களை நம் நாடு நிறையவே கண்டிருக்கிறது. ஆயினும் இக்கேள்விக்கு வாதத்தால் விடை தேடுவதைக் காட்டிலும், வாழ்ந்து காட்டிய ஒருவரைக் கொண்டு விடை தேடுவது நலம் என நினைக்கிறோம். அவரைத் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. மதுரை மாநகரில் யானைக்கல் பகுதியில் சிலையாக நிற்கிறார் அவர். பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் என்பது அவர் பெயர். உசிலம்பட்டி வட்டாரத்துப் பெரியவர்களிடம் கேட்டால், 'ரோசாப்பூ துரை' என்பார்கள். அவரை வழக்கறிஞர் என்று அறிந்தோர் பலர். தேசியத் தலைவர் என்று அறிந்தோர் சிலர். இந்தியாவின் இரு பெரும் ஏடுகளுக்கு ஆசிரியராக இருந்தவர் என்று அறிந்தோர் மிகச் சிலரே.

செங்கன்னூரிலிருந்து மதுரைக்கு

ஜார்ஜ் ஜோசப் 1887-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள், அந்நாளைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் செங்கன்னூரில், சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றபின், ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்று எம்.ஏ. பட்டம் பெற்றார். பின் இலண்டனில் மிடில் டெம்பிள் என்னும் சட்ட நிலையத்தில் பயின்று, பாரிஸ்டராகி, 1909-இல் தாயகம் திரும்பினார். சிறிது காலம் சென்னையில் இருந்தார். அதன்பின் மதுரையைத் தம் ஊராக ஏற்றுக்கொண்டார்.

சீமையில் படித்த பாரிஸ்டருக்கு அந்நாளில் இரு வழிகள் திறந்திருந்தன. அரசாங்க உத்தியோகம் ஒன்று. பணம் கொழிக்கும் வழக்கறிஞர் தொழில் மற்றொன்று. இரண்டாவது வழியில்தான் அவர் நடக்கத் தொடங்கினார். எனினும் அவ்வழியிலும் அவரால் நெடுந்தூரம் நிம்மதியாக நடக்க இயலவில்லை. அன்னி பெசண்ட் அம்மையாரின் ஹோம் ரூல் இயக்கம் அவரை ஈர்த்தது. முதல் உலகப் போர் முடியுமுன்பே, இந்தியாவின் தன்னாட்சிக் கோரிக்கையை ஆங்கில மக்களிடம் எடுத்துரைக்கக் கப்பலேறியவர்களுள் அவரும் ஒருவர். கப்பல் ஜிப்ரால்டர் துறைமுகத்தை அடைந்தபோது அவர்கள் தடுத்து நிறுத்தப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பேசப் போனவர்களைப் பேசவிடாமலே திருப்பிய அந்த நிகழ்ச்சி, கருத்துக்கு அரசாங்கம் எவ்வளவு அஞ்சுகிறது என்பதை அந்த இளம் பாரிஸ்டருக்கு நன்றாகவே உணர்த்தியிருக்க வேண்டும்.

மதுரையில் ஆற்றிய சொற்பொழிவுக்காக டாக்டர் வரதராஜுலு நாயுடு கைதானபோது, அவருக்காக வழக்காட இராஜாஜி வந்தார்; அவருக்குத் துணைநின்றவர் ஜோசப். மதுரை ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் காண அவர் துணை செய்தார். 1919-இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்து மதுரையில் நடந்த கிளர்ச்சியை முன்னின்று நடத்தினார். அவ்வாண்டு மார்ச்சு மாதம் காந்தியடிகள் முதன்முறையாக மதுரைக்கு வந்தபோது தங்கியது ஜோசப்பின் இல்லத்தில்தான். அடுத்து ஒத்துழையாமை இயக்கம் பிறந்தது. நீதிமன்றங்களைப் புறக்கணியுங்கள் என்ற அழைப்பை ஏற்று, நல்ல வருவாய் தந்த தொழிலை அவர் துறந்தார்.

குடும்பத் தலைவர்களாக இருக்கும் நம் வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். மாத வருமானத்தை ஒரே நாளில் கைவிடுவதென்பது மேடையில் கைதட்டல் பெறுவதற்கு எளிது. அடுத்த நாள் அடுப்பைப் பற்ற வைக்கும்போதுதான் அதன் கனம் தெரியும். ஜோசப்புக்கு மனைவி இருந்தார். சூசன்னா என்பது அவர் பெயர். தம் கணவரின் வழியில் வந்த இழப்புகளில் பாதியைச் சுமந்தவர் அந்த அம்மையார் என்பதை நாம் மறத்தலாகாது.

அலகாபாத்தில் ஆசிரியர் பணி

இந்த நிலையில்தான் வடநாட்டிலிருந்து அழைப்பு வந்தது. அலகாபாத் நகரில் பண்டித மோதிலால் நேரு 1919 பிப்ரவரியில் 'இண்டிபெண்டெண்ட்' என்ற ஆங்கில நாளேட்டைத் தொடங்கியிருந்தார். அந்நகரில் அப்போது புகழுடன் விளங்கிய 'லீடர்' என்னும் நாளேடு மிதவாதிகளின் குரலாக இருந்தது, சி. ஒய். சிந்தாமணி அதன் ஆசிரியர். வெள்ளையரின் கண்ணோட்டத்தைச் சொல்ல 'பயனியர்' இருந்தது. இவ்விரண்டிற்கும் எதிராக, முழுத் தேசியக் குரல் ஒன்று வேண்டும் என்பதே மோதிலாலின் எண்ணம். சையது உசேன் அதன் முதல் ஆசிரியர். ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்த நாட்களில் அதன் ஆசிரியர் பொறுப்பு ஜார்ஜ் ஜோசப்பிடம் வந்து சேர்ந்தது.

பழக்கமற்ற ஊர், பழக்கமற்ற மொழி, கடுங்குளிரும் கடுவெயிலும் மாறி மாறி வாட்டும் நாடு. மதுரையில் தம்மைச் சூழ்ந்திருந்த மக்கள் செல்வாக்கை விட்டுவிட்டு, அங்கே ஒருவர் போவதானால் அதற்குக் காரணம் பதவியாக இருக்க முடியாது. அவர் அலகாபாத்தில் இருந்த அதே 1921-இல், செப்டம்பர் மாதம், மதுரையில்தான் காந்தியடிகள் மேலாடையைத் துறந்து அரையாடை பூண்டார். வரலாற்றுப் புகழ் பெற்ற அந்நிகழ்ச்சியின்போது, மதுரையின் தலைவராகிய ஜோசப்பின் பணிக்களம் எங்கோ வடக்கே இருந்தது. எங்கே பணி காத்திருக்கிறதோ அங்கே இருப்பவர் அவர்.

அந்நாளில் பத்திரிகை நடத்துவது எப்படிப்பட்ட செயல் என்பதை இன்றைய தலைமுறைக்குச் சிறிது விளக்க வேண்டும். 1910-ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. புதிதாக அச்சகம் வைப்போர் 500 ரூபாய் முதல் 2000 ரூபாய் வரை அரசாங்கத்திடம் ஜாமீன் தொகை கட்ட வேண்டும். அச்சிட்ட ஒரு கட்டுரை அரசாங்கத்திற்குப் பிடிக்கவில்லையெனில், அத்தொகை பறிமுதல் செய்யப்படும். மீண்டும் நடத்த விரும்பினால் இன்னும் பெருந்தொகை கட்ட வேண்டும். அதன்பின்னும் 'குற்றம்' நேர்ந்தால் அச்சகமே போய்விடும். 500 ரூபாய் என்பது ஓர் எளிய குடும்பம் பல ஆண்டு உழைத்தாலும் சேர்க்க இயலாத தொகையாக இருந்த காலம் அது என்பதை நினைவிற் கொண்டால், இச்சட்டத்தின் கூர்மை விளங்கும்.

இந்தச் சட்டத்தின் சூழ்ச்சி தண்டனையில் இல்லை. தண்டனைக்கு முன்பே எழுதுபவர் நெஞ்சில் அது விதைக்கும் அச்சத்தில் இருந்தது. "இந்த வரியை விட்டுவிடலாமே, இந்தச் சொல்லைச் சற்றே மாற்றிவிடலாமே" என்று ஆசிரியரின் கையே ஆசிரியரைத் தடுக்கும். சிறைக்கூடத்தின் சாவி போலீசாரிடம் இருந்தாலும், முதல் பூட்டை அவரவர் மனமே போட்டுக்கொள்ளும். இந்தப் பூட்டுக்கு இடங்கொடாத ஆசிரியர்களாலேயே நம் நாட்டில் பத்திரிகைச் சுதந்திரம் என்பது பிறந்தது. அந்த 1910-ஆம் ஆண்டுச் சட்டம் 1922-இல் நீக்கப்பட்டது.

உரிமையாளருக்கு ஆறு மாதம், ஆசிரியருக்குப் பதினெட்டு மாதம்

1921 நவம்பர் 17-ஆம் நாள் வேல்ஸ் இளவரசர் பம்பாயில் வந்திறங்கினார். அவருடைய வருகையை நாடு முழுவதும் புறக்கணிக்க வேண்டும் என்று காங்கிரஸ் முடிவு செய்திருந்தது. டிசம்பர் 12-ஆம் நாள் இளவரசர் அலகாபாத்திற்கு வருவதாக ஏற்பாடு. நகரத் தலைவர்கள் வெளியே இருந்தால் வரவேற்பு வெறுந்தெருக்களில்தான் நடக்கும் என்பதை உணர்ந்த அரசாங்கம், டிசம்பர் 6-ஆம் நாளே கைவைத்தது. மோதிலால் நேருவும் ஜவாஹர்லால் நேருவும் அன்று கைதானார்கள். 'இண்டிபெண்டெண்ட்' ஆசிரியராகிய ஜார்ஜ் ஜோசப்பும் அதே நாளில் கைதானார். இத்தனை செய்தும் பயனில்லை. இளவரசர் வந்த நாளில் அலகாபாத் கடைகளை அடைத்து, கதவுகளைச் சாத்திக்கொண்டு, அமைதியாகத் தன் மறுப்பைத் தெரிவித்தது.

தீர்ப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். பத்திரிகையின் உரிமையாளராகிய மோதிலாலுக்குக் கிடைத்தது ஆறு மாதச் சிறை. அதன் ஆசிரியராகிய ஜோசப்புக்குக் கிடைத்தது பதினெட்டு மாதச் சிறை. முதல் போட்டவரைக் காட்டிலும் எழுத்துக்குப் பொறுப்பேற்றவருக்கு மும்மடங்கு விலை!

ஆசிரியர் சிறை சென்றதும் ஏடு நின்றுவிடும் என்று அதிகாரிகள் எதிர்பார்த்திருக்கலாம். நடந்தது வேறு. காந்தியடிகளின் செயலாளராகிய மகாதேவ தேசாய் அலகாபாத் வந்து அந்த நாற்காலியில் அமர்ந்தார். அரசாங்கம் ஜாமீன் தொகையைப் பறிமுதல் செய்தது; அச்சிடும் வழி அடைபட்டது. தேசாய் தளரவில்லை. கையால் எழுதி, நகலெடுத்து, கையெழுத்துப் பத்திரிகையாகவே 'இண்டிபெண்டெண்ட்' ஏட்டை வெளியிட்டார். அதே டிசம்பர் மாதத்திலேயே அவரும் கைதாகி ஓராண்டுச் சிறை பெற்றார். காந்தியடிகளின் இளைய மகன் தேவதாஸும் அங்கே சிறைப்பட்டார். இலக்னோ சிறையில் ஜோசப், ஜவாஹர்லால், மகாதேவ தேசாய், புருஷோத்தமதாஸ் டாண்டன், தேவதாஸ் காந்தி ஆகியோர் உடனிருந்தனர். ஒரே ஏட்டின் ஆசிரியர் ஒருவரும், அவருக்குப் பின் வந்த ஆசிரியரும் ஒரே சிறையில்!

ஒரு பத்திரிகைக்கு உயிர் எங்கே இருக்கிறது? அச்சு இயந்திரத்தில் இல்லை, கட்டடத்தில் இல்லை, முதலீட்டிலும் இல்லை. அதை எழுதுபவர் அதற்காக எதை இழக்க ஆயத்தமாக இருக்கிறார் என்பதில்தான் இருக்கிறது. அச்சகத்தைப் பறித்த பின்னும் கையால் எழுதிய தாளாக வெளிவந்த அந்த நாளேடு இதற்குச் சான்று.

காந்தியடிகளின் ஏட்டுக்கு ஆசிரியர்

இதற்கிடையே அகமதாபாத்தில் வேறொரு நாற்காலி வெறுமையாகியிருந்தது. 1922 மார்ச்சு 10-ஆம் நாள் காந்தியடிகள் கைதானார். 'யங் இந்தியா' வார ஏட்டில் அவர் எழுதிய மூன்று கட்டுரைகளே குற்றச்சாட்டுக்கு அடிப்படை. மார்ச்சு 18-ஆம் நாள் நீதிபதி புரூம்ஃபீல்டு அவருக்கு ஆறாண்டுச் சிறை விதித்தார். அந்த ஏட்டை அச்சிட்ட சங்கர்லால் பாங்கருக்கும் தண்டனை கிடைத்தது. அந்த வார ஏடு விளம்பரங்கள் எதையும் ஏற்பதில்லை. வாசகர் தரும் சந்தாவும், எழுதுபவரின் நேர்மையும் தவிர அதற்கு வேறு மூலதனம் கிடையாது.

காந்தியடிகள் சிறையில் இருந்த காலத்தில் அந்த ஏட்டை நடத்தும் பொறுப்பைச் சிறிது காலம் இராஜாஜி ஏற்றிருந்தார். அவருக்குப் பின் 1923-இல் அப்பொறுப்பை ஏற்றவர், சிறையினின்று வெளிவந்த ஜார்ஜ் ஜோசப்.

எத்தகைய காலம் அது! இயக்கம் தளர்ந்திருந்தது. காங்கிரஸ் இரண்டாகப் பிரிந்து நின்றது. சட்டசபைகளில் நுழைய வேண்டும் என்று சித்தரஞ்சன் தாசும் மோதிலால் நேருவும் 1923 தொடக்கத்தில் சுயராஜ்யக் கட்சி கண்டார்கள். நுழையக் கூடாது, காந்தியடிகள் வகுத்த வழியில் மாறுதல் வேண்டாம் என்று இராஜாஜி முதலியோர் நின்றார்கள். ஜோசப்பின் நிலையை எண்ணிப் பாருங்கள். நேற்று வரை அவர் ஆசிரியராக இருந்த ஏட்டின் உரிமையாளர் ஒரு பக்கம். இன்று அவர் ஆசிரியராக இருக்கும் ஏட்டின் தலைவர் சிறையில், மறு பக்கம். காந்தியடிகளின் பெயரோடு ஒன்றிவிட்ட ஏட்டை, காந்தியடிகள் இல்லாமல், வாரந்தோறும் நிரப்ப வேண்டும். இப்படிப்பட்ட பணியில் புகழ் ஏதும் கிட்டாது. பிழை நேர்ந்தால் பழி மட்டும் தவறாமல் வந்து சேரும். 1924 பிப்ரவரி 5-ஆம் நாள் காந்தியடிகள் விடுதலையானார். ஏப்ரலில் மீண்டும் தம் ஏட்டின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். காத்து வைத்த விளக்கை உரியவர் கையில் கொடுத்துவிட்டு ஜோசப் வெளியேறினார்.

பேனா மட்டும் போதுமா?

அவர் நேரே சென்ற இடம், தாம் பிறந்த திருவிதாங்கூர். வைக்கம் மகாதேவர் ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவர், புலையர் முதலிய மக்கள் நடக்கக் கூடாது என்று தடை இருந்தது. 1924 மார்ச்சு 30-ஆம் நாள் அதை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. டி. கே. மாதவனும் கே. பி. கேசவ மேனனும் கைதானார்கள். தலைமை ஜார்ஜ் ஜோசப்பிடம் வந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தெருக்களில் கிறிஸ்தவர்களும் இசுலாமியரும் நடக்கத் தடையில்லை. ஜோசப் எத்தனை முறை வேண்டுமானாலும் அங்கே உலாவி வந்திருக்கலாம். தமக்குக் கதவு திறந்திருந்த தெருவுக்காக, பிறருக்கு அது மூடியிருந்த ஒரே காரணத்தால், அவர் போராடப் போனார். பொதுப் பணத்தில் அமைந்த பொதுத் தெரு நாட்டின் குடிமக்கள் அனைவருக்கும் உரியது. அதில் நடப்பது குடியுரிமை. அதற்காகப் போராட எந்தச் சமயத்தவருக்கும் உரிமை உண்டு என்பது அவர் கொள்கை.

காந்தியடிகளின் கருத்து வேறாக இருந்தது. ஏப்ரல் 6-ஆம் நாள் அவர் ஜோசப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். தீண்டாமை இந்துக்களின் பாவம். அதைக் கழுவிக்கொள்ள வேண்டியவர்கள் இந்துக்களே. ஆகவே இந்த வேலையை அவர்களிடம் விட்டுவிடுங்கள். உங்கள் அனுதாபத்தாலும் உங்கள் பேனாவாலும் உதவலாம், போராட்டத்தை நடத்துவதாலோ சத்தியாக்கிரகம் செய்வதாலோ அல்ல என்பது அதன் சாரம். பின்னர் 'யங் இந்தியா' பக்கங்களிலேயே அவர் இதனை விளக்கி எழுதினார். போராட்டக்காரர்களுக்கு உணவளிக்க வைக்கம் வந்திருந்த சீக்கியரின் இலவச உணவுச்சாலையையும் அவர் ஏற்கவில்லை.

ஆசிரியராக இருந்தவரிடமே "பேனாவால் உதவுங்கள், அது போதும்" என்று சொல்லப்பட்டது! ஜோசப்பின் விடையைச் செயலில் காண்கிறோம். அந்த ஏப்ரல் மாதத்திலேயே அவர் கைதாகிச் சிறை புகுந்தார். அதே மாதத்தில் ஈ. வெ. ராமசாமி அவர்கள் தமிழகத்திலிருந்து வந்து போராட்டத்தைத் தொடர்ந்தார். 1925-இன் இறுதியில் ஆலயத்தைச் சூழ்ந்த தெருக்களுள் பெரும்பாலானவை அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. 1936 நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூர் ஆலயங்களே அனைத்து இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன. அந்நாளைக் காணும் பேறு ஜோசப்புக்குக் கிடைத்தது.

இந்தக் கருத்து வேறுபாட்டில் யார் பக்கம் நியாயம்? எளிதில் தீர்ப்புக் கூற நாம் துணியோம். அடுத்த வீட்டைப் பெருக்கப் புறப்படுபவர் தம் வீட்டு வாசலை முதலில் பார்க்க வேண்டும் என்பதில் ஆழ்ந்த உண்மை இருக்கிறது. காந்தியடிகள் அக்கடிதத்திலேயே ஒரு கூரிய முள்ளையும் வைத்திருந்தார். தீண்டாமை நோய் சிரியன் கிறிஸ்தவர்களையும் தொற்றியிருக்கிறது என்று ஆண்ட்ரூஸ் மூலம் அறிந்து வியந்ததாக அவர் எழுதினார். அந்த முள் சிரியன் கிறிஸ்தவர்களை மட்டும் குத்துவதாக நாம் எண்ணிக்கொண்டால், நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். நம் கோவில்களிலும் சாதிக்கொரு பகுதி பிரித்த சுவர்கள் இருந்ததில்லையா? நம் கல்லறைத் தோட்டங்களில் இறந்தோரையும் பிரித்து வைக்கும் வேலிகள் எல்லா ஊர்களிலும் மறைந்துவிட்டனவா? இதைக் கேட்காமல் ஜோசப்பைப் பாராட்டுவது வெறும் அலங்காரமே.

எனினும், நோய் எல்லா வீட்டிலும் இருக்கிறது என்பது, எவரும் மருந்து தேடிப் புறப்படக் கூடாது என்பதற்குக் காரணமாகாது. ஒரு மனிதன் தெருவில் நடக்க முடியாமல் நிற்கும்போது, அவன் எந்தக் கோவிலுக்குப் போகிறவன் என்று கேட்டுவிட்டுத்தான் அவனுக்காகப் பேச வேண்டுமா? ஜோசப் கேட்கவில்லை. தாம் எழுதியதைத் தம் உடலாலும் சொல்ல வேண்டும் என்று அவர் கருதினார். சொல்லுக்கும் வாழ்வுக்கும் இடையே இடைவெளி விழாமல் காத்ததே அவரது ஆசிரியத் தொழிலின் சிறப்பு.

ரோசாப்பூ துரை

1925-இல் ஜோசப் மதுரை திரும்பி, மீண்டும் வழக்கறிஞர் அங்கி அணிந்தார். மதுரைச் சீமையில் அந்நாளில் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கொடுமை தாண்டவமாடியது. பிறந்த குலம் ஒன்றையே காரணமாக்கி, பிரமலைக் கள்ளர் மக்களைக் குற்றவாளிகளாகப் பதிவேட்டில் எழுதினார்கள், கைரேகை எடுத்தார்கள். வெளியூர் செல்ல வேண்டுமாயின் ராதாரிச் சீட்டு வேண்டும். இச்சட்டத்தை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் போலீசாரின் துப்பாக்கிக்குப் பதினாறு பேர் பலியானார்கள். அவர்களுள் ஒரு பெண்மணியும் இருந்தார்.

இம்மக்களுக்காக ஜோசப் வழக்காடினார். அவர்களின் துயரத்தை வெளியுலகுக்கு எடுத்துரைத்தார். ஜோசப் என்ற பெயரே கிராமத்து நாவில் ரோசாப்பூவாக மலர்ந்தது என்பர் சிலர். கோட்டில் ரோசாப்பூ அணிந்து வந்ததால் அப்பெயர் வந்தது என்பர் வேறு சிலர். எது உண்மையாயினும், படித்தவர் தந்த பட்டங்களைக் காட்டிலும் மணம் மிக்க பட்டம் அது. அம்மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டி மகிழ்ந்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல் ஒழிந்தது. அதைக் காண அவர் உயிரோடில்லை.

1937-இல் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளின் சார்பில் மத்திய சட்டசபைக்குக் காங்கிரஸ் வேட்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பதவி அவரிடம் வந்தபோது உடல்நலம் குன்றியிருந்தது. 1938 மார்ச்சு 5-ஆம் நாள், ஐம்பது வயது முடிந்து ஓராண்டும் நிறையாத நிலையில், மதுரையில் அவர் கண்மூடினார்.

தம்பி ஏந்திய விளக்கு

அண்ணன் விட்ட பேனாவைத் தம்பி நெடுநாள் ஏந்தினார் என்பதையும் சொல்லி முடிக்க வேண்டும். 1892-இல் பிறந்த பொத்தன் ஜோசப், இந்தியப் பத்திரிகை உலகின் புகழ்பெற்ற ஆசிரியர்களுள் ஒருவர். 'இந்துஸ்தான் டைம்ஸ்', 'டான்', 'டெக்கான் ஹெரால்டு' என அவர் ஆசிரியராக விளங்கிய ஏடுகள் பல. கேலிச்சித்திர மேதை சங்கரை 1932-இல் 'இந்துஸ்தான் டைம்ஸ்' ஏட்டுக்கு அழைத்து வந்தவர் அவரே. தம்பி முழுக்க முழுக்கப் பத்திரிகையாளர். அண்ணனோ அரசியலிலிருந்து வந்து, எழுதி, மீண்டும் மக்களிடம் போனவர். ஒரே தாயின் பிள்ளைகள் இருவர், இரு வழியில் ஒரே பணிக்கு உழைத்தார்கள்.

நம் இல்லங்களுக்கு ஒரு சொல்

நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது திரும்புவோம். அரசியலிலிருந்து வந்தவர் நல்ல ஆசிரியராக இருக்க முடியுமா? அவர் எங்கிருந்து வந்தார் என்பதைக் கொண்டு அதை அளக்க முடியாது என்றே ஜார்ஜ் ஜோசப்பின் வாழ்வு நமக்குக் கற்பிக்கிறது. அளவுகோல் வேறு. அந்தப் பேனா யாருக்காக எழுதுகிறது? எழுதியதற்கு விலை கேட்கப்பட்டால், அதைத் தருபவர் யார்? தம் நன்மைக்காக எழுதி, விலையைப் பிறர் தலையில் கட்டுபவர், ஒரு கட்சியிலும் சேராதவராயினும், நல்ல ஆசிரியராகார். பிறர் நன்மைக்காக எழுதி, விலையைத் தாமே செலுத்துபவர், அரசியலிலிருந்து வந்தாலும் நம் நம்பிக்கைக்கு உரியவர்.

இன்று நம் இல்லங்களில் செய்திக்குப் பஞ்சமில்லை. காலையில் நாளேடு, மாலையில் தொலைக்காட்சி, இடைவிடாமல் கைப்பேசி எனச் செய்தி வெள்ளமாகப் பாய்கிறது. பெயர் சொல்லாத எவரோ எழுதியதை ஒரு நொடியில் நூறு பேருக்கு அனுப்பிவிடுகிறோம். அதனால் யாருடைய மானம் போயிற்று, எந்தத் தெருவில் பகை மூண்டது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. அனுப்புகிற ஒவ்வொருவரும் அந்த நொடியில் ஓர் ஆசிரியரே என்பதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? "இது உண்மையா? இதனால் யாருக்கு நன்மை? இதற்குப் பொறுப்பேற்று என் பெயரை எழுதுவேனா?" என்னும் மூன்று கேள்விகளை உணவு மேசையருகே ஒரு முறை பேசிப் பாருங்கள். பெற்றோர் சொல்வதினும், பெற்றோர் செய்வதையே பிள்ளைகள் கற்கிறார்கள் என்பதையும் மறவாதீர்கள்.

மதுரைக்குச் செல்லும் வாய்ப்பு நேர்ந்தால், யானைக்கல் பக்கம் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே நிற்பவர் வழக்கறிஞர் மட்டுமல்லர் என்று சொல்லுங்கள். அவர் ஆசிரியராக அமர்ந்த நாற்காலிகளுள் ஒன்றிலிருந்து சிறைக்குப் போனார். மற்றொன்றை உரியவரிடம் திருப்பித் தந்தார். எந்த நாற்காலியையும் தமக்கென்று அவர் வைத்துக்கொள்ளவில்லை.